சொந்தப் பாட்டுக்குக் காசு போட்டு விளம்பரம்: எங்கே போடலாம், எங்கே கூடாது

பகலில் கோயம்புத்தூரில் துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் ஆன்லைன் விளம்பரம் ஓட்டுவது என் பிழைப்பு. ராத்திரியில் பாட்டு. நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து எழுதி, மெட்டுப் போட்டு, வீட்டிலேயே ரெக்கார்ட் செய்து வெளியிடுகிறோம். அதனால் எங்கள் வட்டத்தில் யார் புதிதாகப் பாட்டு விட்டாலும், "அக்கா, கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது, எதில் போடட்டும்?" என்று போன் எனக்குத்தான் வரும்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். சொந்தக்காரர்கள், காலேஜ் நண்பர்கள் தவிர, முன்பின் தெரியாத யாராவது இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுத் தானாக ஏதாவது சொன்னார்களா? ஒரு கமென்ட், ஒரு ஷேர், "முழுப் பாட்டு எங்கே இருக்கு?" என்று ஒரு மெசேஜ்? எதுவுமே இல்லையென்றால் காசைத் தொடாதீர்கள் என்பேன். விளம்பரம் முன்பின் தெரியாதவரை ஒரு தடவை கேட்க வைக்கும். இரண்டாம் தடவை அவர் வருவதும் வராததும் பாட்டின் கையில். அந்த இரண்டாம் தடவைக்கு வாய்ப்பு இருப்பதாகக் கொஞ்சமாவது தெரிந்த பிறகுதான் முதல் தடவைக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அதனால் பாட்டு வெளியாகும் அன்றே விளம்பரம் வேண்டாம். முதலில் இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையில் கலைஞர்களுக்கென்று இருக்கும் 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' கணக்கில் இருந்து, வெளியாகாத பாட்டை அவர்களுடைய ப்ளேலிஸ்ட் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பலாம். ரிலீஸுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பிவிட்டால், குழு அதை எடுக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்பவர்களின் வெள்ளிக்கிழமை 'ரிலீஸ் ரேடார்' என்ற புதுப்பாட்டுப் பட்டியலுக்குப் போய்விடும். அப்புறம் ஒன்றிரண்டு வாரம் ரீல்ஸ் போடுங்கள். ஒரே பாட்டின் வேறு வேறு இடங்களை வெட்டிப் போட்டு, எதை ஆட்கள் சேமிக்கிறார்கள், எதை அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். லைக்கைப் பார்க்காதீர்கள். லைக் போடுவது பழக்கதோஷம்.

லாபக் கணக்கு பார்க்க வேண்டாம்

நகைக்கடையில் ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம் போட்டால் எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள், எவ்வளவு விற்றது என்று மாலையில் கணக்குப் பார்க்கலாம். பாட்டில் அது நடக்காது. ஒரு ஸ்ட்ரீமுக்கு நம் கைக்கு வருவது பைசாக் கணக்கு. 30 நொடி கேட்டால்தான் ஸ்பாட்டிஃபையில் அது ஒரு ஸ்ட்ரீம். அதோடு 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமாவது தாண்டாத பாட்டுக்கு அந்தப் பைசாவும் கிடையாது. ஆக, போட்ட காசு ஸ்ட்ரீமிங் வழியாகத் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் வாங்குவது ஆட்களை. அடுத்த பாட்டுக்கும் இருக்கப்போகிற, கச்சேரி போட்டால் டிக்கெட் எடுக்கப்போகிற ஆட்களை. தொலைந்தாலும் பரவாயில்லை என்று ஒதுக்க முடிகிற தொகையை மட்டும் எடுங்கள். கடன் வாங்கி விளம்பரம் போடுகிற தம்பிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஐயாயிரம் என்றால் ஐயாயிரம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். விளம்பரச் செலவின் மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. 5,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓடினால் 5,900 போகும்.

நீலப் பட்டனை அமுக்காதீர்கள்

இன்ஸ்டாகிராமில் ஒவ்வொரு போஸ்ட்டுக்குக் கீழும் 'பூஸ்ட்' என்று ஒரு பட்டன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு தட்டலில் வேலை முடியும் என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் பூஸ்ட்டில் உங்கள் கையில் இருக்கும் கடிவாளம் குறைவு. பாட்டு ஒலிக்கும் தளத்தில் போய் உண்மையிலேயே 'ப்ளே' தட்டக்கூடியவர்களைத் தேடு என்று அதனிடம் சரியாகச் சொல்ல முடியாது. அதற்கு, இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பரத் தளமான ஆட்ஸ் மேனேஜர்தான் வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம் கணக்கை ப்ரொஃபஷனல் கணக்காக மாற்றி, ஒரு ஃபேஸ்புக் பக்கத்தோடு இணைத்துவிட்டால் போதும். காசு யுபிஐயிலேயே கட்டலாம்.

உள்ளே மூன்று அடுக்கு இருக்கும். மேலே கேம்பெயின் (நோக்கம்), அதற்குள் ஆட் செட் (யாருக்கு, எங்கே, எவ்வளவு காசுக்கு), அதற்குள் ஆட் (வீடியோ). கேம்பெயினில் உங்கள் நோக்கம் என்ன என்று கேட்கும். விழிப்புணர்வு, டிராஃபிக், எங்கேஜ்மென்ட், லீட்ஸ், ஆப், சேல்ஸ் என்று ஆறு. பாட்டுக்காரர்கள் நேராக டிராஃபிக்கைத் தொடுவார்கள். லிங்கைத் தட்டினால் போதும் என்று நினைப்பதால்தான். மெட்டாவின் இயந்திரம் நீங்கள் கேட்டதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுக்கும். தட்டுபவர்களைக் கேட்டால், எதைக் கண்டாலும் தட்டுகிற ஆட்களைத் தேடிக் கொடுக்கும். தட்டிய மூன்றாவது நொடி அவர்கள் வெளியே போயிருப்பார்கள்.

நான் எடுப்பது சேல்ஸ். விற்க ஒன்றும் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். ஃபீச்சர்.எஃப்எம், ஹைப்எடிட் மாதிரியான தளங்களில் உங்கள் பாட்டுக்கு ஒரு ஸ்மார்ட் லிங்க் பக்கம் செய்துகொள்ளலாம். கவர் படம், அதற்குக் கீழே ஸ்பாட்டிஃபை, யூடியூப், ஆப்பிள் மியூசிக் பட்டன்கள், அவ்வளவுதான் அந்தப் பக்கம். பக்கத்துக்கு வருபவர் என்ன செய்கிறார் என்று மெட்டாவுக்குச் சொல்லும் குறியீட்டுக்கு மெட்டா பிக்சல் என்று பெயர். அதன் எண்ணை அந்தப் பக்கத்தில் போட்டுவிட்டால், விளம்பரத்தில் இருந்து வந்தவர் அந்தப் பக்கத்திலும் ஒரு பட்டனைத் தட்டினாரா என்பது மெட்டாவுக்குத் தெரியும். கேம்பெயினில் "இந்தத் தட்டல்தான் எனக்கு வேண்டும்" என்று அந்த ஈவென்ட்டைக் குறித்துவிடுங்கள். விளம்பரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என இரண்டு தட்டல் தட்டியவருக்குக் கேட்கும் எண்ணம் கொஞ்சமாவது இருக்கும். ஐபோன்காரர்களை முழுசாகத் தொடர முடியாது. 'இந்த ஆப் உங்களைத் தொடரலாமா?' என்று 2021ல் ஆப்பிள் கொண்டுவந்த அனுமதிக் கேள்விக்குப் பிறகு அப்படித்தான். அதனால் மெட்டா காட்டும் எண்ணிக்கையைத் தோராயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தைத் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை. அந்த லிங்கை இன்ஸ்டாகிராம் மெசேஜில் உங்கள் நண்பருக்கு அனுப்பி, அவர் போனில் தட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சில போன்களில் ஸ்பாட்டிஃபை ஆப் திறக்காது. இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் திறந்து, லாகின் செய்யச் சொல்லி நிற்கும். முகம் தெரியாத ஒரு ஆள் உங்கள் பாட்டுக்காகப் பாஸ்வேர்டு தேடிக்கொண்டிருக்க மாட்டார். லிங்க் தளத்தின் செட்டிங்கில் நேரடியாக ஆப்பைத் திறக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு, மறுபடி ஒரு ஆண்ட்ராய்டிலும் ஒரு ஐபோனிலும் சோதியுங்கள்.

ஆட் செட்டில் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. விளம்பரம் எங்கெங்கே வரட்டும் என்று கேட்கும் 'ப்ளேஸ்மென்ட்' இடத்தில் எல்லாம் தானாக டிக் ஆகியிருக்கும். கையால் தேர்ந்தெடுக்கும் வசதிக்கு மாறி, மற்றவர்களின் ஆப்களில் விளம்பரம் காட்டும் ஆடியன்ஸ் நெட்வொர்க்கை எடுத்துவிடுங்கள். கேம் ஆப்களிலும் டார்ச்லைட் ஆப்களிலும் விளம்பரம் வந்து, மூடும் பெருக்கல் குறியைத் தேடி விரல் தவறிப் பட்ட தட்டலுக்கெல்லாம் நீங்கள் காசு கட்ட வேண்டாம். ரீல்ஸ், ஸ்டோரி, இன்ஸ்டாகிராம் ஃபீட் போதும்.

ஆட் செட்டுகளை ஐந்தாறாகப் பிரித்து ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று பங்கு வைக்காதீர்கள். யாருக்குக் காட்டினால் பலன் என்று ஒரு ஆட் செட் கற்றுக்கொண்டு நிலைக்கு வர வாரத்துக்கு 50 ஈவென்ட்டாவது (நம் கணக்கில் 50 பட்டன் தட்டல்) வேண்டும் என்பது மெட்டாவே சொல்லும் கணக்கு. ஒரு ஆட் செட், நாளுக்கு 300 ரூபாய், அதற்குள் மூன்று வீடியோ. சின்னப் பட்ஜெட்டுக்கு இதுவே தாராளம்.

வீடியோதான் எல்லாம்

யாருக்குக் காட்டுவது என்ற டார்கெட்டிங்கில் நீங்கள் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது வீடியோவுக்குக் கொடுங்கள். 15 நொடி போதும், செங்குத்தாக, திரை முழுக்க. 'பாட்டு வந்துவிட்டது, ஆதரவு தாருங்கள்' என்று போஸ்டரைக் காட்டி ஆரம்பிக்கும் வீடியோவை யாரும் பார்ப்பதில்லை. ஆதரவு கேட்பது தேர்தல் வேலை.

எங்கள் பாட்டு ஒன்றுக்கு மூன்று விதமாக வெட்டினோம். ஒன்று, நண்பரின் நண்பர் நல்ல கேமராவில் எடுத்த மியூசிக் வீடியோவில் இருந்து ஒரு துண்டு, மலைப்பாதை, ட்ரோன், எல்லாம் உண்டு. இரண்டாவது, கறுப்புத் திரையில் வரிகள் மட்டும். மூன்றாவது, மொட்டைமாடியில் போனை வாட்டர் டேங்க் மேல் சாய்த்து வைத்து எடுத்தது. பின்னால் கொடியில் பக்கத்து வீட்டுப் போர்வை காய்கிறது. நான் நேராகக் கேமராவைப் பார்த்து சரணத்தின் கடைசி வரியைப் பாட, கிடார்காரன் ஓரத்தில் பாதி முகம் தெரிய உட்கார்ந்திருக்கிறான். சரணத்தின் கடைசி வரியில் இருந்து பல்லவிக்குத் தாவுகிற அந்த இடம்தான் 15 நொடியும். மூன்றையும் ஒரே ஆட் செட்டில் போட்டோம். மெட்டா தானாகவே காசில் பெரும்பகுதியைப் போர்வைக்குத் திருப்பிவிட்டது. ட்ரோன் வீடியோ விளம்பரம் மாதிரி இருந்தது, அதனால் விரல் நிற்கவில்லை. ஒரு ஆள் தன்னைப் பார்த்துப் பாடினால் விரல் ஒரு நொடி நிற்கும். உங்களுக்கும் இதே முடிவு வரும் என்று சொல்லவில்லை. மூன்று விதமாக வெட்டிப் பாருங்கள், அதுதான் விஷயம்.

முன்னிசையில் ஆரம்பிக்கக் கூடாது. நமக்கு ஆரம்பத்தில் வரும் நீண்ட வயலின் உயிராக இருக்கலாம், ரீல்ஸில் அதற்குப் பொறுமை கிடையாது. முதல் நொடியிலேயே குரல் வரட்டும். பாட்டின் சத்தத்தை வீடியோவிலேயே சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இன்ஸ்டாகிராமின் மியூசிக் லைப்ரரியில் இருந்து உங்கள் பாட்டையே எடுத்து ரீல்ஸில் ஒட்டியிருந்தாலும், உரிமையுள்ள இசை என்று சொல்லி விளம்பரமாக்க விடாமல் போகலாம்.

வரிகளைத் திரையில் போடுங்கள். சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டுக்குப் போகும் விளம்பரத்தில் தமிழ் எழுத்து. லண்டன், டொராண்டோவுக்குத் தனியாகப் போடுவதாக இருந்தால் ஆங்கில எழுத்தில் தமிழ் வரியும் ஒரு வீடியோ செய்துகொள்ளுங்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலர் தமிழ் புரிந்தும் எழுத்து தெரியாதவர்கள்.

மேலே எழுதும் வாசகத்தில் உங்களைப் பற்றிச் சொல்லாமல், பாட்டை எப்போது கேட்கலாம் என்று சொல்லுங்கள். "மதுரையில் இருந்து தேனி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்க ஒரு பாட்டு" என்றால் கேட்பவருக்கு ஏதோ ஒன்று தோன்றும். "வளர்ந்துவரும் இளம் கலைஞரின் படைப்பு" என்றால் ஒன்றும் தோன்றாது.

யாருக்குக் காட்டுவது

ஆட் செட்டில் ஆட்களின் விருப்பங்களைக் கேட்கும் பட்டியலில் ஏ.ஆர். ரஹ்மான் என்று போடுவதும் தமிழ்நாடு என்று போடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ரஹ்மானைப் பிடிக்காதவர் யார்? உங்கள் பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் பெயர்களைத் தேடுங்கள். தனியிசை, ராப், ஃபோக் ராக் என்று எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம். காஸ்ட்லெஸ் கலெக்டிவ், ஊர்கா, ஷான் ரோல்டன் என்று தட்டிப் பாருங்கள். எல்லாப் பெயரும் பட்டியலில் கிடைக்காது. கிடைத்ததில் நாலைந்தைச் சேர்த்தால் போதும். இப்போது மெட்டா, ஆட்களைத் தேடும் வேலையைத் தன்னிடமே விட்டுவிடச் சொல்கிறது. நீங்கள் கொடுக்கும் பெயர்களை வெறும் குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வீடியோவுக்கு நேரம் கொடுங்கள் என்றேன். யார் நின்று பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அது அடுத்தவரைத் தேடுகிறது.

ஊர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தமிழ்நாடு, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, கனடா எல்லாவற்றையும் ஒரே ஆட் செட்டில் போட்டால், விலை குறைந்த இடத்துக்கே காசு ஓடும், கனடாவில் நாலு பேர்கூடப் பார்க்க மாட்டார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் வேண்டும் என்றால் அதற்குத் தனி ஆட் செட், தனிப் பட்ஜெட். கனடா மாதிரி இடங்களில் ஒருவரைக் கொண்டுவர ஆகும் செலவு அதிகம். ஆனால் அங்கிருந்து வரும் ஸ்ட்ரீமுக்குக் கிடைப்பதும் இங்கே கிடைப்பதைவிட அதிகம். மலேசியாவிலும் இலங்கையிலும் டிக்டாக் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். இந்தியாவில் 2020 ஜூனில் தடையானதால் நமக்கு அது நினைவிலேயே இல்லை.

ஏற்கெனவே உங்கள் வீடியோவைப் பார்த்தவர்கள், பக்கத்துக்கு வந்து போனவர்கள் என்று ஒரு பட்டியல் ஆட்ஸ் மேனேஜரில் செய்து வையுங்கள். இன்ஸ்டாகிராமில் உங்களோடு ஏதாவது செய்தவர்களை 365 நாள் வரை அதில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த பாட்டு வரும்போது முதல் விளம்பரம் இவர்களுக்கு.

யூடியூப்பில் போடுவதாக இருந்தால்

நம் ஊரில் பாட்டு என்றாலே யூடியூப்தான் பலருக்கு. அதனால் யூடியூப் விளம்பரம் போடும் கூகுள் ஆட்ஸ் பக்கம் மனம் போகும். அங்கே முக்கியமாக இரண்டு வகை உண்டு. வேறொரு வீடியோவுக்கு முன்னால் ஓடி, 5 நொடி கழித்து ஸ்கிப் செய்யக்கூடியது ஒன்று. தேடல் பக்கத்திலும் முகப்பிலும் தம்ப்நெய்லாக வந்து, விரும்பினால் தட்டுவது இன்னொன்று, அதை இன்-ஃபீட் என்பார்கள். முதல் வகையில் வியூஸ் மலிவாகக் குவியும். 30 நொடி ஓடிவிட்டால் ஒரு வியூ. சமையல் வீடியோ பார்த்துக்கொண்டு மாவு பிசைகிற கையால் ஸ்கிப் செய்ய முடியாதவரும் அந்தக் கணக்கில் ஒரு வியூதான். நான் இன்-ஃபீட் பக்கம். வியூ விலை கூடுதலாக இருக்கும், ஆனால் வந்தவர் தானாக வந்தவர்.

விளம்பரத்தால் வந்த பார்வை நேரம், யூடியூப்பில் இருந்து வருமானம் பெறும் பார்ட்னர் திட்டத்துக்குத் தேவையான 4,000 மணி நேரக் கணக்கில் சேராது. யூடியூப்பின் இசைத் தரவரிசையிலும் 2019 செப்டம்பர் முதல் விளம்பர வியூஸைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு லட்சம் வியூஸ் என்று போஸ்டர் அடித்துக்கொள்ள ஆசை இருந்தால் அது வேறு விஷயம்.

எந்த மாதம்

இது என் பகல் வேலை சொல்லித் தந்தது. விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. ஆடித் தள்ளுபடி தொடங்கியதும் துணிக்கடைகள் எல்லாம் காசைக் கொட்டும். தீபாவளிக்கு முந்தைய மாதம் கேட்கவே வேண்டாம், நகை, துணி, போன், ஆன்லைன் கடைகள் எல்லாம் ஒரே ஆட்களின் கண்ணுக்காக விலை ஏற்றிக்கொண்டிருக்கும். எங்கள் கடைகளுக்காக நானேதான் அந்த விலையை ஏற்றுகிறேன்! உங்கள் 300 ரூபாய் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து ஆரம்பித்தால் அதே காசுக்கு அதிகம் பேர் கிடைப்பார்கள். தீபாவளிப் பாட்டாகவே எழுதியிருந்தால் வேறு வழியில்லை.

ஓட ஆரம்பித்த பிறகு

முதல் நாலைந்து நாள் கை வைக்காதீர்கள். மணிக்கு ஒரு தடவை திறந்து பார்த்து, பட்ஜெட்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் ஆட் செட் கற்றுக்கொள்வதை மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். அப்புறம் திறந்தால் பார்க்க வேண்டியது, ஒரு பட்டன் தட்டலுக்கு எவ்வளவு ஆகிறது, எந்த வீடியோவுக்குக் காசு போகிறது, ஒரே ஆள் எத்தனை தடவை பார்த்திருக்கிறார் என்பவைதான். ஒருவர் சராசரியாக மூன்று தடவைக்கு மேல் பார்த்துவிட்டார் என்றால் வீடியோவை மாற்றும் நேரம்.

ஆனால் அசல் கணக்கு அங்கே இல்லை, ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் இருக்கிறது. பாட்டின் பக்கத்தைத் திறந்து, விளம்பரம் ஓடிய நாட்களில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் சேமித்தார்கள் என்று இரண்டையும் எடுங்கள். உதாரணமாக 400 பேர் கேட்டு 90 பேர் சேமித்திருந்தால் நல்ல சேதி, பட்ஜெட்டைக் கொஞ்சம் கூட்டலாம். 400 பேர் கேட்டு 12 பேர்தான் என்றால் தவறான ஆட்கள் வருகிறார்கள், அல்லது 15 நொடியில் காட்டிய பாட்டுக்கும் முழுப் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. நூறு பேர் கேட்டால் இருபது பேராவது சேமிக்க வேண்டும் என்பது என் கைக்கணக்குத்தான், ஸ்பாட்டிஃபை சொன்னது அல்ல. ஒரு ஆள் சராசரியாக எத்தனை தடவை கேட்டார் என்பதையும் பாருங்கள். ஒன்றை ஒட்டியே நிற்கிறதா, இரண்டைத் தாண்டுகிறதா?

விளம்பரத்தை நிறுத்திய பின்பு ஒரு வாரம் கழித்து மறுபடி அதே பக்கத்துக்குப் போங்கள். ஸ்ட்ரீம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டும் இடத்தில், கேட்பவர்களின் சொந்த ப்ளேலிஸ்ட், லைப்ரரியில் இருந்து வருவது தொடர்ந்தால் உங்கள் காசு வேலை செய்திருக்கிறது. காசு நின்ற மறுநாளே கோடு தரையோடு தரையாகிவிட்டால் அந்தப் பாட்டுக்கு இன்னொரு ரூபாய் போடாமல் அடுத்த பாட்டை முடிக்கப் பாருங்கள்.

மெசேஜில் வருபவர்கள்

விளம்பரம் ஓட ஆரம்பித்ததும் இன்பாக்ஸில் கூட்டம் சேரும். "ப்ரோ, செம பாட்டு, எங்கள் ப்ளேலிஸ்ட்டில் போட்டால் 10,000 ஸ்ட்ரீம் உறுதி" என்பார்கள். ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு உறுதி கொடுக்க நேர்மையான வழி எதுவும் இல்லை, ஆட்களுக்குப் பதில் 'பாட்' (bot) எனப்படும் தானியங்கிப் போலிக் கணக்குகளைத்தான் ஓட விடுவார்கள். ஸ்பாட்டிஃபை கண்டுபிடித்தால் அந்த ஸ்ட்ரீம்களைக் கழித்துவிடும். 2024 முதல் அப்பட்டமாகப் போலி ஸ்ட்ரீம் உள்ள பாட்டுகளுக்கு, உங்கள் பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதமும் வாங்குகிறது. அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையே இறக்கிவிடவும் செய்யலாம். "உங்கள் பக்கம் விதியை மீறியிருக்கிறது, இந்த லிங்கில் போய் சரிசெய்யுங்கள்" என்று மெட்டா பெயரில் வரும் மெசேஜையும் தொடாதீர்கள். கார்டு இணைத்த விளம்பரக் கணக்கைப் பறிக்கத்தான் அது வருகிறது. கணக்குக்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள்.

உண்மையான ஆட்களின் கமென்ட்டுகள் விளம்பரத்துக்குக் கீழேயே வரும், உங்கள் ப்ரொஃபைலில் தெரியாமல் போகலாம். ஆட்ஸ் மேனேஜரில் ஆட் ப்ரிவ்யூ வழியாகப் போய்த் தினமும் ஒரு தடவை பதில் போடுங்கள். "லிங்க் வேலை செய்யவில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பதை முதலில் அங்கேதான் பார்ப்பீர்கள். ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர்கள் அதை பில்லிங் செட்டிங்கில் முதல் நாளே போட்டுவிடுங்கள், மாதாமாதம் பில்லை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் ஆடிட்டர் கேட்கும்போது தேடுவது பெரும் பாடு.